உங்கப்பன்கிட்ட சொல்லு

போன வாரம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அன்று காலையில் பிளாட்பாரத்தில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஒரு பையனை, பதினைந்து வயதிருக்குமாம், பிடித்து உட்காரவைத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையனுடைய அப்பா வந்தார். வந்ததும் வராததுமாகக் கன்னத்தில் இரண்டு விட்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம்.

"இந்தக் காலத்துப் பசங்க ஏன் சார் இப்படி இருக்காங்க?" என்று என்னைக் கேட்டார்.

இந்தக் காலத்து அப்பாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரயில்வேயில் என் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. தேடிக்கொண்டு பின்னால் வருகிறவர்கள்தான் என் பொறுமையைச் சோதித்தவர்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தந்தி வேலை படித்து, இரண்டு மூன்று சின்ன ஸ்டேஷன்களில் லீவு போட்டவர்களுக்குப் பதிலாளாக அலைந்து, யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி மொரப்பூருக்கு அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டராக வந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடகடவென்று அடிக்கும் தந்தியைக் காதாலேயே படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஓசூரிலிருந்து மாரண்டஹள்ளி, பாலக்கோடு, தருமபுரி வழியாக ஒரு சின்ன ரயில் மொரப்பூர் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சேலத்துக்கோ மெட்ராசுக்கோ போகிறவர்கள் அதில் வந்து எங்களிடம் இறங்கி, பெரிய ரயிலுக்குக் காத்திருப்பார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகளும் அப்படித்தான். சின்ன ரயிலில் ஏறும்போது இருக்கிற வேகம், மொரப்பூர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெரிய ரயிலுக்குக் காத்திருக்கும்போது பாதியாகக் குறைந்துபோகும்.

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் சீனிவாசராவ். சன்னமான ஆள். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார். யாராக இருந்தாலும் 'வாங்க, போங்க'தான், ஓடிவந்த பையனாக இருந்தாலும்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை இது. டிக்கெட் ஜன்னலில் தனியாக ஒரு சின்னப் பிள்ளை வந்து நின்றால் முதலில் கையைப் பார்க்க வேண்டும். நிஜமாகப் பயணம் போகிற பிள்ளை கையில் சாப்பாட்டு மூட்டை இருக்கும், பின்னால் வழியனுப்ப யாராவது இருப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் டிக்கெட்டை உடனே கொடுக்காமல், "ரயில் வர நேரம் இருக்கு, உள்ள வந்து உக்காருங்க" என்று சொல்லி, நம் கண்ணில் படுகிற இடத்தில் உட்காரவைக்க வேண்டும். எதற்கு ஓடிவந்தாய் என்று கேட்கக் கூடாது. எங்கே போகிறீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள், இந்த இரண்டு கேள்விதான். பிறகு அந்தப் பிள்ளை ஏறின ஸ்டேஷனுக்குத் தந்தி. வீட்டார் வந்தால் நேராகப் பிள்ளையிடம் விடக் கூடாது. முதலில் அவர்கள் ராவிடம் வந்து உட்கார வேண்டும்.

"பிள்ளை எங்கயும் ஓடிடாது. இங்கதான் இருக்கு. பெத்தவங்க மூச்சு அடங்கட்டும்" என்பார்.

எனக்கு இது அப்போது பெரிய தொந்தரவாகத்தான் இருந்தது. பக்கத்து ஸ்டேஷன்காரர் ரயிலை அனுப்பலாமா என்று லைன் கிளியர் கேட்டு மணியடித்துக்கொண்டிருப்பார். இவர் ஆபீசில் யாரோ ஒருத்தர் வீட்டு நியாயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்.

கடத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்ததை மறக்கவே முடியாது. பத்து ஏக்கர் தோட்டக்காரர். மூத்த மகனைக் காணவில்லை. எங்கள் கண்ணில் படாமல் எப்படியோ ரயில் ஏறிவிட்டான் போலிருக்கிறது. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் தந்தி அடிக்க வேண்டும்.

"அடையாளம் சொல்லுங்க" என்றேன்.

"பையன்தாங்க. பதினாறு வயசு."

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

யோசித்தார். "எதோ ஒரு சட்டைங்க."

"உயரம்? உங்க தோள் வரைக்கும் இருப்பானா?"

"அளந்தா பாக்கறோம்."

"மச்சம், தழும்பு ஏதாவது?"

மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராவ் குறுக்கே வந்து, "வண்டியில வந்தீங்களே, மாடு ரெண்டும் எப்பப் பிடிச்சது?" என்று கேட்டார். அவ்வளவுதான். வலத்து மாட்டுக்குக் கொம்பு எப்படி வளைந்திருக்கும், இடத்து மாட்டுக்கு எங்கே சுழி, எது தண்ணீர் குடிக்கத் தயங்கும், எதற்குப் போன மழைக்காலத்தில் குளம்பில் புண் வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் தந்திக் கருவி சும்மா கிடந்தது. அனுப்புவதற்கு 'எதோ ஒரு சட்டை' என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் சேலத்தில் யாரோ தெரிந்தவர் கண்ணில் பட்டு, தானாகத் திரும்பி வந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவன் அதிர்ஷ்டம்.

இனி வெங்கடேசன் விஷயம். என் சர்வீசில் என்னை மிகவும் படுத்திய விஷயம் இதுதான்.

ஒரு கார்த்திகை மாதம். சின்ன ரயிலிலிருந்து இறங்கி வந்து ஜன்னலில் நின்றான். மாரண்டஹள்ளியில் புளி மண்டி வைத்திருந்த கிருஷ்ணப்பன் என்பவருடைய மகன். பதினாறு வயது. நல்ல வேட்டி, நல்ல சட்டை, கையில் ஒன்றும் இல்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

"எங்க போறீங்க தம்பி?" என்றார் ராவ்.

"சேலத்துக்குங்க. அத்தை வூட்டுக்கு."

"அத்தைக்குத் தெரியுமா நீங்க வர்றது?"

"தெரியாதுங்க."

"வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

பையன் லேசாகச் சிரித்தான். "எங்க வூட்ல ஒண்ணு சொல்லணும்னா ரெண்டு தடவ சொல்லணுங்க."

என்ன என்று கேட்டபோது மெள்ள மெள்ள வந்தது. அவன் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் பேச்சு கிடையாது. இவன் ஆறாவது படிக்கும்போது நின்றுபோனதாம். அம்மாவின் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் அப்பாவுக்கு ஏதோ மரியாதைக் குறைச்சல். அன்றிலிருந்து எதுவாக இருந்தாலும் இவன்தான் நடுவில். 'உங்கப்பன்கிட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு.' 'உங்கம்மாகிட்ட சொல்லு, போன வாரந்தான் வாங்கினேன்னு.' மண்டிக்கும் வீட்டுக்குமாக இவன் நடப்பான். சொல்லி அனுப்பியவருக்குப் பதில் பிடிக்கவில்லையென்றால் திட்டு இவனுக்கு. அப்பாவாக இருந்தால் அடியும் உண்டு.

"படிப்பு எப்படி?"

"முன்னால நல்லாப் படிப்பேங்க. இப்ப புஸ்தகத்த எடுத்தாலே யாராவது கூப்புடுவாங்கன்னு இருக்கு. கூப்புட்டா வயித்த வலிக்குது. டாக்டர்கிட்ட மருந்து வாங்கிக் குடுத்தாங்க. கேக்கல."

"இன்னைக்கு என்ன நடந்தது?" என்று நான் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. ராவ் என்னைப் பார்த்தார். ஆனால் பையன் சொல்லிவிட்டான்.

காலையில் அம்மா, "தீபத்துக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன், தடுத்தா கெணத்துல விழுந்துருவேன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று அனுப்பியிருக்கிறாள். இவன் மண்டிக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே சொல்லியிருக்கிறான். அப்பா ஓர் அறை விட்டு, "விழச் சொல்லு" என்றிருக்கிறார்.

"நான் திரும்பி வந்துக்கிட்டு இருந்தங்க. எங்கம்மா மூஞ்சியப் பாத்து அத எப்படிங்க சொல்றது? சொல்லலன்னா, உங்கப்பன் என்ன சொன்னான், என்ன சொன்னான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். வழியில ரயில் நின்னுது. ஏறிட்டேன்."

ராவ் எழுந்துவிட்டார். "முதல்ல அந்த அம்மா நல்லா இருக்காங்களான்னு மாரண்டஹள்ளிக்குக் கேளும்."

அடித்தேன். பதில் வரும்வரை பையன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தந்திக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் அந்தப் பதிலைக் கொண்டுபோகாததால் அம்மா பிழைத்தாளா, போகாததாலேயே ஏதாவது செய்துகொண்டாளா என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் கருவி பேசியது. இருவரும் அடுத்த சின்ன ரயிலில் கிளம்பி வருகிறார்கள் என்று செய்தி. பையன் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான்.

வந்தார்கள். வண்டியின் இரண்டு கோடியிலிருந்தும் இறங்கி, தனித்தனியாக ஆபீசுக்குள் நுழைந்தார்கள். கிருஷ்ணப்பன் கனத்த உடம்பு, பட்டைக் கரை வேட்டி. அம்மா நஞ்சம்மா நல்ல உயரம், அழுது சிவந்த கண். பிள்ளையைக் கண்டதும் ஓடிப்போய்த் தலையைத் தடவினாள். அடுத்து அவள் வாயைத் திறந்து சொன்னது இது:

"ஏண்டா, இப்பவாவது மனசு ஆறிச்சான்னு உங்கப்பனக் கேளு."

கிருஷ்ணப்பன் எட்டிக் கை வைத்தால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தார். "புள்ளைய இப்படி வளத்தது யாருன்னு உங்கம்மாவக் கேளு" என்றார்.

பையன் வாயைத் திறந்தான். பழக்கம். சொல்லத்தான் போனான்.

ராவ் கையை உயர்த்தினார். பையனை வெளியே அனுப்பி, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு உட்காரவைத்தார். "தம்பி இனி வராது. நான் சொல்ல மாட்டேன். இவரும் சொல்ல மாட்டார். ரெண்டு பேரும் பேசுங்க" என்றார்.

பேசவில்லை. அவர் மேலே கூரையைப் பார்த்தார். அவள் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து சரக்கு ரயிலுக்கு லைன் கிளியர் கேட்டார்கள். கொடுத்தேன். சரக்கு ரயில் வந்தது, போனது. அவ்வளவு பெரிய சத்தம் கடந்துபோன பிறகும் அந்த இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் இருவரையும் பார்சலில் கட்டி அனுப்பிவிடலாம் போல இருந்தது.

கடைசியில் ராவ்தான் தோற்றார். கிருஷ்ணப்பனிடம், "பையனைப் பரீட்சை முடிஞ்சதும் சேலத்துல உங்க அக்கா வீட்ல விட்டுப் படிக்க வைக்கச் சம்மதமா?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். ராவ் நஞ்சம்மா பக்கம் திரும்பி, "அம்மா, உங்களுக்கு?" என்றார். "அவருக்குச் சம்மதம்னா எனக்கும் சரின்னு சொல்லுங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு ராவ் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "பார்த்தீரா, என்னையும் அந்தப் பையன் வேலையிலேயே வச்சுட்டாங்க" என்றார்.

அடுத்த ஆனி மாதம் வெங்கடேசன் சேலத்துக்குக் கிளம்பி வந்தான். இந்தத் தடவை டிரங்குப் பெட்டி, படுக்கை, சாப்பாட்டு மூட்டை எல்லாம் இருந்தது. முகம் தெளிந்திருந்தது. வழியனுப்ப அப்பா அம்மா இருவரும் வந்திருந்தார்கள். சரி, ஒரு வழியாக ஆயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் அவனுக்கு ஒரு தங்கை இருப்பது எனக்குத் தெரிந்தது. பார்வதி. பதிமூன்று வயதிருக்கும். புதுப் பாவாடை தாவணி.

சேலம் ரயில் வந்து நின்றது. பையன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். நஞ்சம்மா பிளாட்பாரத்தில் நின்றபடி, "பார்வதி, அண்ணனுக்குத் தண்ணிக்கூஜா எங்கன்னு உங்கப்பன்கிட்ட கேளு" என்றாள்.

அந்தப் பெண் நாலடி நடந்து அப்பாவிடம் போனது. "அம்மா தண்ணிக்கூஜா கேக்குதுப்பா."

"எடுத்து வெக்க வேண்டியது யாரு வேலைன்னு கேளு."

பெண் திரும்பி நாலடி வந்தது. வரும்போது வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு வந்தது.

ஜன்னலிலிருந்து வெங்கடேசன் அதைப் பார்த்துவிட்டான். கதவைத் திறந்து கீழே இறங்கினான். நேராகத் தங்கையிடம் போய்க் கையைப் பிடித்தான்.

"எப்ப இருந்து வயித்த வலிக்குது?"

"நீ மண்டிப் பக்கம் போக மாட்டேன்னு சொன்னியே, அப்ப இருந்து" என்றாள் அவள்.

அவன் பெற்றோரைப் பார்த்துத் திரும்பினான். சத்தம் போடவில்லை. "பார்வதியும் என்கூட வரட்டும். அத்தை வூட்ல இருந்து படிக்கட்டும்."

கிருஷ்ணப்பன் திகைத்துவிட்டார். "வயசுக்கு வந்த புள்ளைய ஊர்விட்டு ஊர் அனுப்பறதா? என்ன பேச்சு இதுன்னு உங்கம்மாகிட்ட கேளு."

"நான் கேக்க மாட்டேங்க. அவளும் கேக்க மாட்டா. நீங்களே கேளுங்க."

ரயில் கார்டு என்னைப் பார்த்தார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. நான் ராவைப் பார்த்தேன். அவர் நிதானமாக நடந்து அந்த இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். அப்படி நின்றது சரியில்லை என்று அவருக்கே பட்டது போல, ஒதுங்கி ஓரமாக நின்றார்.

"உங்க பொண்ணு. வேண்டாம்னு தோணினா அனுப்ப வேண்டாம்" என்றார். "ஆனா பிள்ளைங்ககிட்டச் சொல்லாதீங்க, என்கிட்டச் சொல்லாதீங்க. நீங்க அவங்களப் பாத்துச் சொல்லுங்க, இல்ல அவங்க உங்களப் பாத்துச் சொல்லட்டும். ஒரு வார்த்தை போதும். நான் பொண்ண ஏத்த மாட்டேன்."

நான் இன்றைக்கும் நினைத்து எரிச்சல்படுகிற இடம் இதுதான். ஒரு வார்த்தை. 'வேணாங்க' என்று அவள் சொல்லியிருக்கலாம். 'விடாத' என்று அவர் சொல்லியிருக்கலாம். நஞ்சம்மாவின் உதடு அசைந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. கிருஷ்ணப்பன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். எஞ்சின் ஊதியது. அவர் மகளைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெண்டாட்டி நின்ற பக்கம் மட்டும் முகம் திரும்பவில்லை. அவளும் மகளைத்தான் பார்த்தாள்.

"சேலத்துக்கு இன்னொரு டிக்கெட்" என்றார் ராவ் என்னிடம்.

நான் ஓடிப்போய் டிக்கெட்டில் தேதி அடித்துக் கொண்டுவந்தேன். வெங்கடேசன் தங்கையை ஏற்றி, கூடவே ஏறினான். ரயில் நகர்ந்தபோது அந்தப் பெண் அப்பாவுக்கு ஒரு தடவை, அம்மாவுக்கு ஒரு தடவை, தனித்தனியாகக் கையாட்டியது.

பிள்ளைகள் நன்றாகவே வந்தார்கள். அந்த அத்தை கண்டிப்பானவள், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம், பேசிக்கொண்டே சாப்பிட்டார்களாம். வெங்கடேசன் படித்து முடித்து பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் சேர்ந்தான். யுத்த சமயத்தில் அவனோடு படித்தவர்கள் பலர் பட்டாளத்தில் சேர்ந்தபோது, இவன் அத்தையோடும் மாமாவோடும் உட்கார்ந்து யோசித்து, வேலையிலேயே இருந்துவிட்டான் என்று என்னிடம் சொன்னான். பார்வதி டீச்சர் டிரெய்னிங் முடித்தாள். பதினெட்டு வயதில் ஒரு வரனை வேண்டாமென்று அவளே வாயால் சொல்லி, இரண்டு வருஷம் கழித்து வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். ஒருமுறை ஊருக்குப் போகிற வழியில் மொரப்பூரில் இறங்கியபோது என்னிடம் பேசினாள். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எந்த வயித்து வலி சார்?" என்றாள். இதற்குள் ராவ் ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார். சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் அந்த ஆனி மாதத்துச் சாயங்காலத்தைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் காலத்து அப்பா அம்மாக்களுக்கு ஒன்றும் சொன்னதாக ஆகாது.

பிள்ளைகள் போன பிறகு மாரண்டஹள்ளி திரும்ப இருவருக்கும் சாயங்காலம்தான் சின்ன ரயில். பெஞ்சின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் அவள். வெயில் சாய்கிற நேரத்தில் நஞ்சம்மா டிக்கெட் ஜன்னலுக்கு வந்தாள்.

"சார், மத்தியானத்துக்குக் கட்டுன சோறு அப்படியே இருக்குது. திங்கறாரான்னு கேளுங்க."

நான் அன்று காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. "எனக்கு ரயில் வேலைக்குத்தாம்மா சம்பளம்" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

சோறு அவிழ்க்கப்படவே இல்லை. சின்ன ரயில் வந்தது. கூட்டம் அதிகம், ஒரே ஒரு பெட்டியில்தான் இடம் இருந்தது. கிருஷ்ணப்பன் முதலில் ஏறிப் பலகையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். நஞ்சம்மா கூடையோடு வாசலில் நின்றாள். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். சொல்லிவிட ஆள் இல்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். கையை நீட்டி, "கூடையக் குடு" என்றார்.

நான் பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். இவ்வளவுதான் பேச்சு. இதைக் காலையில் பேசியிருந்தால் அந்தப் பெண் அன்று ராத்திரி தன் வீட்டில் படுத்திருக்கும்.